இருபத்தாறாவது இலக்கம்

ஜனவரி 9
எண்: 3

தராசுக்கு,

இந்தப் பெயரில் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. ஊரிலுள்ள கடைத் தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை வைக்கிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அன்புள்ள மனைவிக்கு என்று ஆரம்பித்தால் கிழித்துப் போட்டுவிடுவாய்.

"இனிமே போன்ல ஒரு வார்த்தை பேசாத, லெட்டர்லயும் ஒரு வார்த்தை எழுதாத" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எப்போது அடித்தாலும் எடுப்பதில்லை. சரி, வார்த்தை வேண்டாம். மேலே ஓர் எண் எழுதியிருக்கிறேன், அதுதான் கடிதம். கீழே இருப்பது விதிமுறை. விதிமுறையை வார்த்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உன் அலுவலக லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன நாளை மறந்திருக்க மாட்டாய். நீ உள்ளே, நான் வெளியே. உன் முகம்கூட எனக்குத் தெரியாது, குரல் மட்டும் நடுங்கிக்கொண்டு வந்தது. "பயப்படாதீங்க, நான் இங்கேதான் இருக்கேன். ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க, வெளையாடலாம்" என்றேன். சும்மா ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். நீ விதி போட்டாய். ஆளுக்கு ஓர் இலக்கமாகப் பின்னால் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு இலக்கம் ஆனதும் அந்த எண் இரண்டால் மீதியில்லாமல் வகுபட வேண்டும், மூன்று இலக்கம் ஆனதும் மூன்றால், நான்கு ஆனதும் நான்கால், இப்படியே. மாட்டிக்கொண்டிருக்கிற பெண் பேசுகிற பேச்சா இது என்று நினைத்துக்கொண்டே ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கதவிலேயே சாக்பீஸால் வகுத்துப் பார்த்தேன். பாதியில் மின்சாரம் வந்து கதவு திறந்துகொண்டது. ஆட்டம் முடியவே இல்லை.

அதை இப்போது ஆடலாமா? புதிதாக, முதலிலிருந்து. எண் ஓடுகிறவரை கடிதம். யாராவது தப்பான இலக்கம் போட்டாலோ, போடுவதற்கு இலக்கமே கிடைக்காமல் போனாலோ முடிந்தது. அதற்கப்புறம் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

லிஃப்ட்காரன்


ஜனவரி 17
எண்: 36

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

6.

இது பதில் இல்லை. கணக்கு.

எடை அளவு ஆய்வாளர்


ஜனவரி 25
எண்: 360

தராசுக்கு,

0 போட்டிருக்கிறேன். அடுத்து நீ நான்கால் வகுக்க வேண்டும், சுழியின் பின்னால் சேர்ப்பது சுலபமாக இருக்கும் என்றுதான். உனக்கு இந்த உதவியெல்லாம் தேவையில்லை, தெரியும்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நான் இருப்பது நாலாவது மாடியில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், பக்கத்தில் துணி காயப்போட ஒரு கம்பி. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் ஓடாது. 'பழுது' என்று ஓர் அட்டையைக் கட்டிவிட்டு உள்ளே யாரோ பழைய மெத்தையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் லிஃப்ட் மெக்கானிக் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். அவரும் சரிசெய்யச் சொல்லவில்லை, நானும் பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை. பகலெல்லாம் ஊராரை மேலே ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் மூச்சு வாங்கப் படி ஏறுகிறேன். இதைக் கேட்டால் நீ சிரிப்பாய் என்று நினைத்தேன்.

லிஃப்ட்காரன்


பிப்ரவரி 3
எண்: 3608

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

சிரிக்கவில்லை.

நீங்கள் வெளியூர் வேலைக்கு ஒத்துக்கொண்ட செய்தி எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று ஒருமுறையாவது யோசித்தீர்களா? பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி கேட்டார்: "என்னம்மா, சார் வெளியூர் போறாராமே, சாமானெல்லாம் கட்டியாச்சா?" கையில் ஐந்து கிலோ பித்தளை எடைக்கல்லோடு நடுத்தெருவில் நின்றேன். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கட்டிய புருஷன் ஊரை விட்டுப் போவதைக் காவலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீங்கள் போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்லாததற்குத்தான்.

இந்த எண் நிற்கிற அன்று நான் இந்த வீட்டைக் காலி செய்துகொண்டு அலுவலகக் குடியிருப்புக்குப் போகிறேன். அத்தையிடம் சொல்லிவிட்டேன். "நீ போனா நான் மட்டும் இங்க என்ன பண்றது? என் பெட்டியையும் சேத்துக் கட்டு" என்கிறார். உங்கள் அம்மாவை நீங்கள்தான் சமாதானப்படுத்த வேண்டும்.

ஆய்வாளர்


பிப்ரவரி 27
எண்: 3608528

தராசுக்கு,

ஒவ்வொரு கடிதத்திலும் 'நீங்கள்' என்று எழுதுகிறாய். கல்யாணத்துக்குப் பிறகு நீ என்னை நீங்கள் என்று சொன்னது இரண்டே சந்தர்ப்பத்தில்தான், இரண்டு தடவையும் நான் சாவியைத் தொலைத்திருந்தேன். ஒவ்வொரு 'நீங்கள்' வரும்போதும் நான் இன்னொரு சாவியைத் தொலைத்துவிட்டது போல இருக்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று உன் போன கடிதத்தில் கேட்டிருந்தாய். பல நாள் சொல்ல வந்தேன். நீ 'போகாதே' என்று சொல்வாய் என்ற பயம் இல்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பேன். நீ 'சரி, போ' என்று சொல்லிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். நீ அலுவலகம் விட்டு வருவாய், நான் வேலைக்குக் கிளம்புவேன், செருப்பு விடுகிற இடத்தில் பார்த்துக்கொள்வோம். ஒரு வருஷமாக அப்படித்தானே இருந்தோம். நான் போனால் உனக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. கேட்டுப் பார்த்து அந்தப் பதிலை வாங்கிக்கொள்வதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று தோன்றியது. முட்டாள்தனம்தான்.

இந்த இடத்தில் 1 போடலாம், 8 போடலாம். இரண்டுமே ஏழுக்குச் சரியாக வருகிறது. 8 போட்டேன். காரணம் எதுவும் இல்லை.

லிஃப்ட்காரன்


மார்ச் 7
எண்: 36085288

8.

வேறு விசேஷம் இல்லை.


மார்ச் 14
எண்: 360852885

தராசுக்கு,

பேரில்லாமல், கையெழுத்தில்லாமல் ஒற்றை இலக்கம். நான் எழுதியது உன்னைப் புண்படுத்திவிட்டதா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கு அந்த இடத்தில் 0 போடவும் வழி இருந்தது, 8 போடவும் வழி இருந்தது. சுழி போட்டு முடிப்பதுதானே சுலபம். ஏன் 8? என்னைப் போல நீயும் காரணமில்லாமல் போட்டாயா? நீ காரணமில்லாமல் ஒரு குண்டூசியைக்கூட நகர்த்த மாட்டாயே.

எனக்கு வேறு வழியில்லை, இங்கே 5 மட்டும்தான் வரும்.

லிஃப்ட்காரன்


மார்ச் 22
எண்: 3608528850

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

புண்படவில்லை. நீங்கள் செருப்பு விடுகிற இடத்தைப் பற்றி எழுதியதிலிருந்து நான் வீட்டுக்கு வந்ததும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறேன். அத்தை "என்னடி, உள்ள வர வழி மறந்துபோச்சா?" என்று கேட்கிறார்.

எட்டைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், விளையாட்டு இனிமேல்தான் ஆரம்பம். இதுவரை யார் என்ன போட்டாலும் அடுத்தவருக்கு ஏதாவது ஓர் இலக்கம் கிடைத்துவிடும். பத்துவரை வகுக்கிற எண் சின்னது, பத்து இலக்கத்துக்குள் எங்கேயாவது ஒன்று பொருந்தியே தீரும். பதினொன்றிலிருந்து அப்படியில்லை. வகுக்கிற எண் இலக்கங்களைவிடப் பெரிதாகிவிடுகிறது. பொருந்தினால் ஒன்றே ஒன்று, இல்லையென்றால் ஒன்றும் கிடையாது. இனி நாம் தேர்ந்தெடுப்பதற்கு எதுவுமில்லை. ஏற்கெனவே போட்டதெல்லாம் நம்மை எங்கே கொண்டுபோய் விடுகிறதோ அங்கேதான் போவோம்.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எண்ணைப் பற்றி எழுதியது போலவே இல்லை.

ஆய்வாளர்


ஏப்ரல் 29
எண்: 360852885036845

தராசுக்கு,

வேலை அதிகம். இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. அம்மாவை மருந்து சாப்பிடச் சொல். 5.

லி.


மே 6
எண்: 3608528850368400

உனக்கு,

15 இலக்கம் என்றால் ஐந்தாலும் வகுபட வேண்டும், மூன்றாலும் வகுபட வேண்டும். நீ ஐந்தை மட்டும் பார்த்துவிட்டு 5 போட்டிருக்கிறாய். இலக்கங்களைக் கூட்டிப் பார். எழுபத்தொன்று. மூன்றில் அடங்காது. தப்பு.

நீ வைத்த விதிப்படி ஆட்டம் முடிந்துவிட்டது. நான் பெட்டியை எடுத்திருக்க வேண்டும். வெள்ளை மையை எடுத்தேன். உன் 5-ஐ மறைத்து அதன்மேல் 0 எழுதியிருக்கிறேன். பதினாறுக்கு எனக்கும் 0தான் வருகிறது. உன் சுழியும் என் சுழியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கைத்தவறுக்காக ஆட்டத்தை நிறுத்துகிற வழக்கம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது. கடைக்காரருக்கே திருத்திக்கொள்ள அவகாசம் கொடுக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் கையெழுத்துக்கு என்ன ஆயிற்று? உன் 3 எப்போதும் சாப்பிட்டுவிட்டு வந்த ஆள் மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு இருக்கும். இந்தக் கடிதத்து 3 நடுங்கிக்கொண்டு நிற்கிறது. கோடெல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அத்தையிடம் உறையைக் காட்டாமல் ஒளித்து வைத்தேன். தபால்காரர் நீட்டியபோதே பார்த்துவிட்டார் போல, சமையலறையிலிருந்தே "அவன் எடது கையால எழுதிருக்கானா?" என்று கேட்டுவிட்டார். பெற்றவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

வலது கையில் என்ன? 'எல்லாம் நல்லபடியாக இருக்கிறது' என்று எழுதினால் இந்தத் தடவை நிஜமாகவே பெட்டியை எடுப்பேன்.


மே 13
எண்: 36085288503684007

தராசுக்கு,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் கதவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கீழே யாரோ மின்சாரத்தைப் போட்டுவிட்டார்கள். வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. மருத்துவமனையாக இருந்ததால் அங்கேயே கட்டுப் போட்டுவிட்டார்கள், அந்த வகையில் அதிர்ஷ்டம். விரல் இரண்டும் இருக்கின்றன. மடக்க முடியவில்லை, மடங்கும் என்கிறார் டாக்டர். இரண்டு வாரம் சட்டைப் பொத்தானைப் பல்லால் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ பயந்துவிடுவாயே என்றுதான். எழுதும்போதே தெரிகிறது, இதுவும் அதே பழைய பதில்தான்.

எதையும் ஒளிக்கக் கூடாது என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். மேலாளர் கூப்பிட்டு இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருக்க முடியுமா என்று கேட்டார். ஜூலை நடுவில் பதில் சொல்ல வேண்டும். நீ என்ன நினைக்கிறாய்? அம்மா என்ன சொல்வாள்? மேலாளருக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். நீ சொன்னபடி செய்கிறேன்.

லிஃப்ட்காரன்


மே 20
எண்: 360852885036840078

உனக்கு,

விரலுக்கு அத்தை ஒரு தைலம் கொடுத்தனுப்பச் சொன்னார். தபாலில் உடையும் என்றேன். "அவனே ஒடஞ்சு கெடக்கான், தைலம் ஒடஞ்சா என்ன?" என்று அழுதார். பிறகு நானும் அழுதேன். இரண்டு பேரும் அழுதுவிட்டு, உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினோம். மனசு கொஞ்சம் ஆறியது.

மூன்று வருஷத்தைப் பற்றி. நீ சொன்னபடி செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும்தான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. நான் என்ன நினைக்கிறேன், அம்மா என்ன சொல்வாள், மேலாளருக்கு என்ன கஷ்டம், எல்லாரையும் கேட்டாகிவிட்டது. நீ எங்கே? இத்தனை வருஷத்தில் எனக்கு இது வேண்டும் என்று நீ வாய் திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை. குழம்பு போதுமா என்றால்கூட 'இருப்பதைப் போடு' என்பாய். உன் மனசில் இருப்பதை நானே ஊகித்து, நானே தப்பாக ஊகித்து, நானே வருத்தப்பட்டு அலுத்துவிட்டேன். அந்த ஒரு வருஷம் நான் பேசாமல் இருந்தது அதனால்தான். நீ இருப்பது தெரியாமல் இல்லை.

உனக்கு என்ன வேண்டும்? எண் நிற்பதற்குள் சொல். நான் ஊகிக்க மாட்டேன்.


ஜூலை 3
எண்: 360852885036840078603672

உனக்கு,

மேலாளரின் மகள் கல்யாணம், மாடிக்கு வருகிற பூனை, மழை, திரும்பவும் பூனை. உன் கடிதங்களெல்லாம் சுவாரசியமாகத்தான் இருக்கின்றன. எழுத்தும் பழையபடி நேராகிவிட்டது, உன் 3-க்கு வயிறு வந்துவிட்டது, சந்தோஷம். நான் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

2.


ஜூலை 10
எண்: 3608528850368400786036725

தராசுக்கு,

இருபத்தைந்தால் வகுபட வேண்டுமென்றால் கடைசியில் 25 வந்தாலே போதும். நீ 2-ஐப் போட்டு எனக்கு வழிவிட்டு வைத்திருந்தாய். 5-ஐப் போட்டுவிட்டேன்.

அடுத்த இலக்கங்களை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று நமக்குள் விதி இல்லை, ஆனாலும் நான் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். சுழியிலிருந்து ஒன்பது வரை எல்லாவற்றையும் சேர்த்து வகுத்துவிட்டேன். இருபத்தாறுக்கு எதுவும் வரவில்லை. திரும்பவும் செய்தேன். வரவில்லை. உன் பெட்டியை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன்.

எழுதுகிறேன். பூனை இல்லாமல் எழுதுகிறேன்.

எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. எனக்கு உன்னோடு இருக்க வேண்டும். சாயங்காலம் நீ வந்து பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, எந்தக் கடைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்தான் என்று சொல்வாயே, அதைக் கேட்க வேண்டும். குழம்பு போதவில்லை என்றால் போதவில்லை என்று சொல்ல வேண்டும். நிறைய நாள் போதவில்லை. நீ பேசாமல் இருந்தால் ஏன் பேசவில்லை என்று கேட்டுச் சண்டை போட வேண்டும். நீ 'போ' என்று சொன்னால்கூட 'போக மாட்டேன்' என்று சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு வேண்டும். நீ என்ன நினைப்பாய் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

வருகிற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள் மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லப் போகிறேன். இன்னும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, காவலாளியிடம்கூட. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

லிஃப்ட்காரன்


ஜூலை 17
எண்: (அப்படியே இருக்கிறது)

லிஃப்டுக்கு,

உன் கடிதம் வந்ததும் அத்தையிடம் படித்துக் காட்டினேன், குழம்பு வரியை மட்டும் விட்டுவிட்டு. பாதிக் குழம்பு அவர் வைத்தது. கேட்டு முடித்துவிட்டு, "பேசத் தெரிஞ்சிருக்கே படவாவுக்கு" என்றார். பிறகு என் பெட்டியை அவரே பரணிலிருந்து இறக்கினார். நான் குடியிருப்புக்குப் போகவில்லை.

கணக்கை முடித்துவிடுகிறேன். உன் எண்ணின் பின்னால் ஒரு சுழியைப் போட்டு இருபத்தாறால் வகுத்தால் மீதி பன்னிரண்டு. இன்னும் பதினான்கு சேர்ந்தால் சரியாகிவிடும். ஆனால் ஓர் இடத்தில் ஒன்பதுக்கு மேல் உட்கார முடியாது. நாலை என் இடத்தில் வைத்து, மிச்சப் பத்தை ஒன்றாக உன் ஐந்தோடு கூட்டி ஆறாக்கினால் இருபத்தாறால் வகுபடுகிறது, செய்து பார்த்தேன். உன் இருபத்தைந்துதான் கெட்டுப்போகிறது. எனக்கு இடம் வேண்டுமென்றால் நீ நகர வேண்டும், நீ நகர்ந்தால் உன் கணக்குத் தப்பாகும். நம் சண்டையெல்லாம் இதுதானே. இதைத் தபாலில் தீர்க்க முடியாது. எதிரெதிரே உட்கார்ந்து, நீ கொஞ்சம் நான் கொஞ்சம் என்று பேசித்தான் தீர்க்க வேண்டும்.

எட்டுக்குப் பதில் கேட்டாயே. அன்று இரண்டு வழியையும் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். நீ பார்க்காததை நான் பார்த்துவிட்டேன், மன்னித்துக்கொள். சுழி போட்டிருந்தால் பதினைந்து இலக்கத்தோடு எண் நின்றிருக்கும். எட்டுப் போட்டால் இருபத்தைந்து வரை போகும். அதனால்தான் எட்டு. அன்று உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம், ஆனாலும் எட்டு. பிற்பாடு அலுவலகத்தில் கணினி பார்க்கிறவரிடம் சொல்லி எல்லா எண்களையும் ஓட்டச் சொன்னேன். எப்படி ஆரம்பித்தாலும் யாராலும் இருபத்தைந்தைத் தாண்ட முடியாதாம். இருபத்தைந்து வரை வருகிற எண்ணே உலகத்தில் ஒன்றுதானாம். நீ காரணமில்லாமல் போட்ட மூன்றும் எட்டும், எனக்கு உதவி என்று போட்ட சுழியும், நான் கோபத்தில் போட்ட ஆறும் சேர்ந்து, அன்று வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டே அந்த ஒரே வழியில் நடந்து வந்திருக்கிறோம்.

மேலாளரிடம் எதுவும் சொல்லிவிடாதே, நாம் பேசிக்கொள்ளலாம். எங்கே இருப்பது என்பது அப்புறம். இந்த ஊரிலும் தராசு சோதிக்க ஆள் வேண்டும் போலத்தான் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து வருகிற வழியிலேயே நாலு கடையில் முத்திரை இல்லை.

ஆமாம், நடந்து வந்தேன். உறையில் தபால்தலை இல்லாததைக் கவனித்திருப்பாய். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறியிருக்கிறேன். லிஃப்ட் மெக்கானிக் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. உள்ளே மெத்தை கிடக்கிறது. நீ எழுதியபோது சிரிக்கவில்லை என்று எழுதினேன், பொய். இன்று மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது மறுபடியும் சிரித்தேன். கடைசிப் படியில் உட்கார்ந்து பெட்டிமேல் வைத்து இதை எழுதுகிறேன். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது, நீ இருக்கிறாய். எழுதி முடித்ததும் கதவுக்கு அடியில் தள்ளிவிடப் போகிறேன்.

இந்தத் தடவை நீ உள்ளே, நான் வெளியே.

பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன். கதவைத் திற.

தராசு